அத்தானுக்கு ஒரு கிளாஸ் பிளிம்பிங்

9, ஞாயிறு

காலை ஒன்பதுக்கே புழுக்கம். பிரிக்பீல்ட்ஸில் ரயிலேறி கிள்ளான். மீசைக்கு நேற்றுப் பூசிய சாயம் உதட்டுக்கு இறங்கியிருக்கிறது. அக்கா பார்த்ததும் கேட்டது, வீட்டுக்குப் பெயிண்ட் அடித்து மிச்சமா என்று.

அக்கா அத்தானுக்கு முப்பதாவது கல்யாண நாள். பேரங்காடி, மூன்றாம் மாடி, கடலுணவுக் கடை. வாசலில் உயிரோடு நண்டும் மீனும் நீந்தும் கண்ணாடித் தொட்டி. சாகவேண்டியவரை நாமே விரல் நீட்டிக் காட்டவேண்டும். அக்கா நண்டு பொறுக்கப் போனாள். இருபது நிமிடம். அத்தானைப் பெண் பார்க்க வரச்சொன்னபோது இவ்வளவு யோசிக்கவில்லை.

அத்தானுக்கு நாலு வருடமாக டயாலிசிஸ். திங்கள், புதன், வெள்ளி. குடிதண்ணீர் அளந்துதான். தின்னக்கூடாதவற்றின் பட்டியல் அக்காவுக்கு மனப்பாடம். அத்தான் படித்ததே இல்லை. நானும்தான்.

மெனுவில் பிளிம்பிங் ஜூஸ், அந்த ஐந்து முனை நட்சத்திரப் பழம். பிரஷருக்கு நல்லது என்று ஊரே சொல்கிறது. எனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று, பெரிய கிளாஸ். வேண்டாம் என்றார்; கண் மட்டும் கிளாஸை விட்டு நகரவில்லை.

"பழம்தானே அத்தான். உங்க மெஷினா வந்து பாக்கப் போவுது?"

ஒரே மூச்சு. ஐஸையும் கடித்துத் தின்றார். "அக்காகிட்ட சொல்லாத லா." காலி கிளாஸை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அக்கா வந்து ரெண்டையுமா குடித்தாய் என்றாள். தொண்டை வறட்சி என்றேன். என் சாமர்த்தியத்தில் எனக்கே பெருமை.

பட்டர் நண்டு, நன்று. அடுத்த மேசை ஆன்டி, போனில்: "மருமவளுக்கு மீன்ல தலையே இருக்கக்கூடாதாம் லா."

மாலை 4. காரில் அத்தானுக்கு விக்கல். யாரோ நினைக்கிறார்கள், பெயரைச் சொன்னால் நிற்கும் என்று ஆரம்பித்தேன். அவர் முன்பு வேலை பார்த்த தெலுக் பங்லிமா காராங் பேக்டரியில் அவருக்கு மட்டும் இரண்டு மீன் துண்டு வைத்த கேண்டீன் அம்மாளின் பெயரை எடுத்துவிட்டேன். பிறகு ஏழெட்டுப் பெயர். ஓட்டிக்கொண்டிருந்த அக்கா சிரித்து முடியாமல் காரை ஓரங்கட்டினாள். விக்கல் நிற்கவில்லை.

10, திங்கள்

மழை. ஏழு மணிக்கு அக்கா போன். இன்னும் விக்கல். பாத்ரூம் எங்கே என்று கேட்கிறாராம், இருபது வருடம் குடியிருக்கும் வீட்டில். நேராக ஆஸ்பத்திரி. டெஸ்ட், ஸ்கேன் என்று இன்றைய டயாலிசிஸ் தள்ளிப்போனது.

என்ன சாப்பிட்டார் என்று டாக்டர். நண்டு என்றாள் அக்கா. நான் தலையாட்டினேன். ஜூஸ் நினைவுக்கு வரவில்லை என்று எழுத ஆசை. வந்தது. தண்ணீர்க் கணக்கில் ஒரு கிளாஸ் கூடுதல், அதற்கு அவள் முன்னால் ஏச்சு வாங்குவானேன் என்று வாயை மூடிக்கொண்டேன்.

11, செவ்வாய்

காலையில் இரண்டு முறை வலிப்பு. இன்று வேறு டாக்டர், நம் தமிழ்ப் பெண். நேராகக் கேட்டாள். "அங்கிள் பிளிம்பிங் ஏதும் சாப்ட்டாரா?"

அக்கா: "நாலு வருஷமா எங்க வீட்டு வாசப்படி தாண்டல டாக்டர். லிஸ்ட்ல மொத பழமே அதுதான்."

டாக்டரை லிஃப்ட் வரை துரத்திப் போய் ஜூஸைச் சொன்னேன். நல்ல கிட்னிக்கு ஒன்றும் செய்யாதாம். இவருக்கு அந்தப் பழத்தின் விஷம் வெளியேற வழியில்லை, மூளைக்கு ஏறிவிடும். விக்கல்தான் முதல் அடையாளமாம்.

நேற்றே சொல்லியிருந்தால் என்று ஆரம்பித்தவள், முடிக்காமல் போனை எடுத்து மெஷினைத் தயார் செய்யச் சொன்னாள். அக்காவிடம் நீங்களே சொல்லுங்கள் அங்கிள் என்றாள். சொல்லவில்லை. காப்பி வாங்கிக் கொடுத்தேன்.

12, புதன்

வெயில். அத்தான் வாயில் குழாய். கண் திறக்கவில்லை. டயாலிசிஸ் ஓடுகிறது.

அறிவிப்பாளனாக ஒப்புக்கொண்ட சனிக்கிழமைக் கல்யாணத்தில் மைக் பிடிக்க வரமுடியாது என்று அந்த வீட்டாரிடம் சொன்னேன். பரவாயில்லை, ஜோக்கை மட்டுமாவது வாட்சாப்பில் அனுப்புங்க அண்ணே என்கிறார்கள்.

சுங்கை பூலோ சித்தி வந்தார். கடைக்காரன் செத்த நண்டைப் போட்டுவிட்டான் என்று தீர்ப்பு. உறவுக்காரர்கள் குரூப்பிலும் அதே. கடை மேல் புகார் எழுத வேண்டும், எழுதத் தெரிந்தவன் குடும்பத்தில் நான் ஒருத்தன்தானாம்.

சித்தி போனபின் அக்கா, சுவரைப் பார்த்தபடி: "அந்த நண்ட நான்தான்டா காட்டுனேன். அவன் வேற எடுத்தான். நான்தான் இதுதான் வேணும்னேன்."

போனில் எழுதினேன். நண்டில் குற்றமில்லை. பிளிம்பிங் ஜூஸ். வாங்கிக் கொடுத்தது நான், திங்கட்கிழமை டாக்டர் கேட்டபோதும் சொல்லவில்லை. அவளுக்கு மட்டும் அனுப்பினேன்.

படித்துவிட்டாள். வார்டு வாசலில் எதிரெதிர் நாற்காலியில்தான் இருக்கிறோம். அவள் இன்னும் தலை நிமிரவில்லை.