மூன்று முறை கழற்றிய பம்ப்

றிஸ்னாவின் வாப்பாவுக்கு, ஒரு நாளும் பெயர் சொல்லி அழைத்திராதவளின் அன்பு.

ஜீப் ஸ்டார்ட் ஆகிவிட்டது. மற்ற செய்திகளைப் பிறகு சொல்கிறேன். நீங்கள் முதலில் கேட்கப்போவது இதைத்தானே?

நீங்கள் கண்ணை மூடிப் போன பிறகு ஐந்து மாதம் அது நீங்கள் விட்ட இடத்திலேயே, வாசல் சரிவில் மூக்கைக் கீழே வைத்து நின்றது. அலவத்துகொடயில் மட்டமான வாசல் யாருக்கு இருக்கிறது? ஸ்டார்ட்டர் சோம்பினால் உருட்டிவிடலாம் என்று எப்போதும் இறக்கம் பார்த்தே நிறுத்துவீர்கள். டீசலும் கால் தொட்டிக்கு மேல் ஊற்றமாட்டீர்கள். வரிசையில் நின்று வாங்கியதை யாரோ குழாய் போட்டு உறிஞ்சிப் போனதிலிருந்து, திருடனுக்கும் அளவாகத்தான் வைத்தீர்கள்.

போன வாரம் உங்கள் தம்பி பாரூக் கராஜைப் பூட்டிவிட்டு வந்தார். உங்களை இன்னும் 'நானா' என்றுதான் சொல்கிறார்.

"இத இனி வெச்சி என்ன செய்ய மதினி? டீசல் பம்ப் முடிஞ்சிட்டு. நானாவே மூணு தரம் கழட்டினாரு. வெள்ளிக்கிழம ஜும்ஆவுக்குப் பொறகு ஒராள் வாராரு. வெட்டி பார்ட்ஸுக்கு எடுப்பாரு."

"அதுக்குள்ள ஸ்டார்ட் ஆனா?"

"ஆனா நீங்களே ஓட்டுங்க," என்று சிரித்தார்.

ஜீப் போனால் ஹுன்னஸ்கிரியவில் நம் மிளகுத் தோட்டமும் போனது போலத்தான். நான்கு சக்கரமும் இழுக்காத எதுவும் அந்த மேட்டில் ஏறாது. அதனால் ஜீப்பின் கையேட்டைத் தேடினேன். பேட்டரி ஆடாமலிருக்க நீங்கள் அதைத்தான் அடியில் வைத்திருந்தீர்கள். முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவளின் வீட்டில் ஒரு புத்தகத்துக்கு இப்படியும் ஒரு பயன்.

இரண்டு இரவு படித்தேன். டீசல் எஞ்சினுக்குக் காற்று வேண்டும். டீசல் குழாய்க்குள் மட்டும் வேண்டாம். தொட்டியில் டீசலை உறிஞ்சும் குழாய் பின்பக்கம் இருக்கிறது. மூக்கைக் கீழே வைத்து, டீசலும் குறைவாக இருந்தால் இருப்பதெல்லாம் முன்பக்கம் ஓடிவிடும். அந்த நிலையில் உருட்டி ஸ்டார்ட் செய்தால் குழாய் காற்றைத்தான் குடிக்கும். நீங்கள் பம்பைக் கழற்றித் துடைத்துப் பூட்டிவிட்டு, முறைப்படி காற்றையும் எடுப்பீர்கள். வண்டி ஓடும். பாராட்டு பம்புக்குப் போகும். அடுத்த வாரம் மறுபடி இறக்கத்தில் நிறுத்துவீர்கள்.

வியாழன் காலை நானும் மகள் றிஸ்னாவும் வேலையில் இறங்கினோம். பேட்டரியை முதல் நாளே சார்ஜுக்குக் கொடுத்திருந்தேன். சக்கரங்களுக்குக் கல் வைத்தோம். இரண்டு கேன் டீசல் ஊற்றினோம். ஃபில்டரின் அடியில் தேங்கிய தண்ணீரை வடித்தோம்; தேநீர்க் கோப்பையில் பாதி இருந்தது. பிறகு ஃபில்டர் தலையிலுள்ள சின்ன ஸ்குரூவைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்தினேன். முதலில் நுரை. குமிழி நின்று சுத்தமான டீசல் வந்ததும், அது வழிந்துகொண்டிருக்கும்போதே இறுக்கினேன்.

மிச்சக் காற்றும் போக இன்ஜெக்டர் குழாய்களின் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தப்போனபோதுதான் பார்த்தேன். ஒவ்வொரு குழாயிலும் சிவப்புப் புள்ளிகள்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. மாறிப் பூட்டிவிடாமலிருக்க நீங்கள் வைத்த அடையாளம். மகளின் கல்யாணத்துக்கு முன் தொலைந்துபோன கியூடெக்ஸ் நகப்பூச்சு இங்கேதான் இருந்திருக்கிறது. இதற்காக நான் வேலைக்காரப் பிள்ளையையா சந்தேகப்பட்டேன்? நட்டுகளைத் தளர்த்தியதும் மகள் ஏறிச் சாவியைப் பிடித்தாள்.

"உம்மா, இப்ப அடிக்கவா?"

"அடி. பத்து எண்ணி விடு. ஸ்டார்ட்டருக்கும் மூச்சு வேணும்."

டீசல் பீச்சும் பக்கம் கையையோ முகத்தையோ கொண்டுபோகவில்லை; அந்த அழுத்தம் தோலைத் துளைத்துவிடும். நான்கிலும் டீசல் கசிந்ததும் நட்டுகளை இறுக்கினேன். மூன்றாம் தரம் அடித்தபோது ஜீப் இருமியது. பிறகு பிடித்துக்கொண்டது. எதிர்வீட்டுத் துணிக்கொடி முழுக்கக் கறுப்புப் புகை. மகள் கீழே இறங்காமல் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்து அழுதாள். எனக்கு நேரமில்லை, கசிவு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் வாங்க வந்த மனிதர் ஜீப்பைச் சுற்றி வந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. "ஓடுற வண்டிய வெட்டுற பாவம் எனக்கு வேணாம்," என்று சொல்லிப் போய்விட்டார்.

பாரூக் பானெட்டுக்குள் தலையை விட்டார். "பம்ப கழட்டினீங்களா மதினி?"

"இல்ல. டீசல் ஊத்தி, காத்த எடுத்து, ஜீப்ப மூக்கு மேல பாக்கத் திருப்பி வெச்சேன்."

தலையை வெளியே எடுத்தார். "அப்ப நானா மூணு தரம் கழட்டினது சும்மாவா?"

"சும்மா இல்ல. வாகனம் படிக்காத மனிசன் தானே கழட்டி, தானே அடையாளம் வெச்சி, மூணு தரமும் ஓட வெச்சாரு. ஒங்கட கராஜ்ல ஒருத்தன் செய்வானா?"

பாரூக் பானெட்டை மூடினார். நான் சமாளிப்பதற்காகச் சொன்னதாக நினைக்கவேண்டாம். தவறான இடத்தில் இவ்வளவு சரியாக வேலை செய்த மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

திங்கட்கிழமை மிளகு பறிக்க மேலே போகிறோம். ஓட்டப்போவது நான். பாதி வழியில் நின்றால் டீசலைப் பார்ப்பேன், காற்றைப் பார்ப்பேன். உங்கள் பம்பில் யார் கையையும் வைக்க விடமாட்டேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
கையில் டீசல் வாசனை இன்னும் போகாத,
றிஸ்னாவின் உம்மா