கழுவிய பாட்டில்

அண்ணி,

இன்று காலை உங்கள் மகளுக்கு உடம்பு லேசாகச் சுட்டது. நெற்றியில் தீர்த்தம் பூசு என்றார் அம்மா. திரு இருதயப் படத்துக்குக் கீழே இருக்கும் குளுக்கோஸ் பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்தேன். ரப்பர் வாசனை வந்தது. இவ்வளவு நாள் கோயில் தீர்த்தம் வைத்திருந்தும் அந்த மூடியிலிருந்து ஆஸ்பத்திரி போகவில்லை. எதுவும் தோன்றவில்லை. குழந்தையின் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு மூடி வைத்தேன்.

இந்தப் பாட்டில் சில வாரங்களுக்கு முன் தருமபுரி வரை போய்விட்டு வந்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். உங்களிடம் எதைச் சொல்வதானாலும் சினிமாவிலிருந்து ஆரம்பித்தால்தான் கேட்பீர்கள். இதுவும் சினிமாவில்தான் ஆரம்பிக்கிறது.

நீங்கள் ஓசூர்ப் பக்கத்திலிருந்து பென்னாகரத்துக்கு எங்கள் வீட்டு மருமகளாக வந்த வருடம் புளி நன்றாகக் காய்த்திருந்தது. களத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஓடு தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். வந்த மறுநாளே அவர்கள் நடுவில் உட்கார்ந்து, பார்த்த படத்தையெல்லாம் சொல்ல ஆரம்பித்தீர்கள். சண்டை, அழுகை, குதிரை ஓடுவது எல்லாம் உங்கள் வாயிலேயே வரும். கத்தி கழுத்துக்கு வந்த இடத்தில், "ஒந்து நிமிஷா இருங்க" என்று ஒரு நிமிடம் கேட்டு, பாதி கன்னடத்தில் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போவீர்கள். அத்தனை பேரும் கையை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள்.

ஆனால் நீங்கள் முடிவை மாற்றிவிடுவீர்கள். மாதம்மாக்கா ஒரு நாள் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, அந்தக் கடத்தல்காரன போலீசு சுட்டுட்டாங்கன்னு எம் மவன் சொல்றான். நீ என்னா உசுரோட வெச்சிருக்கற?"

"உங்க மவன் தூங்கிட்டு இருந்திருப்பான்க்கா. சுடல. அவன் இப்ப கதாநாயகன் வூட்டுக் களத்துல ஒக்காந்து புளி தட்டறான்."

"அவனுக்குக் கொட்ட எடுக்கத் தெரியுமா?"

"தெரியாது. அதனாலதான் ஒக்கார வெச்சது."

களமே சிரித்தது. நான் புத்தகம் படிக்கிறவள், எனக்கு அது பொறுக்கவில்லை. கதையை அப்படி மாற்றலாமா என்று தண்ணீர்ப் பானையருகில் வந்து கேட்டேன். சொம்பைக் கவிழ்த்துக்கொண்டே சொன்னீர்கள்: "அவனக் கொன்னுட்டா படம் முடிஞ்சிரும் பாப்பா. அப்பறம் நாளைக்கு என்னத்தச் சொல்றது?"

தருமபுரியில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் பிரசவம் நல்லபடியாகத்தான் ஆனது. சோர்வாக இருந்தீர்கள், அவ்வளவுதான். ஒரு பாட்டில் ஏற்றச் சொல்லலாம் என்றார் அம்மா. பாட்டில் ஏற்றாமல் வீட்டுக்கு வந்தால் வைத்தியமே பார்க்கவில்லை என்றுதானே நம் ஊரில் பேசுவார்கள். "ஏத்துங்க ஏத்துங்க, நானும் பெரிய எடத்து மனுசி ஆயிக்கறன்" என்று கையை நீட்டினீர்கள்.

பாட்டில் பாதி இறங்குவதற்குள் "குளுருது பாப்பா, சன்னலச் சாத்து" என்றீர்கள். சன்னல் சாத்தித்தான் இருந்தது. எழுந்து போய் அதைத் திறந்து மறுபடி சாத்தினேன். பக்கத்துக் கட்டில்காரிக்கும் அப்போது பல் அடித்துக்கொண்டிருந்தது. நர்ஸ் உங்கள் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி இருந்ததை நானும் பார்த்தேன். டாக்டர் வந்து ஊசியைப் பிடுங்கச் சொன்னார். அதற்குள் நீங்கள் என்னைப் பார்ப்பதை நிறுத்தியிருந்தீர்கள்.

டாக்டர் அறையில் ஒரு புதுச் சுவர்க்கடிகாரம் இருந்தது. அதன் முகத்தில் பாட்டில் கம்பெனியின் பெயர். ஃபிரிட்ஜும் கம்பெனி கொடுத்ததுதான் என்று ஆயா சொன்னாள். மறுநாள் கம்பெனி வேன் வந்து எல்லாப் பெட்டிகளையும், காலி பாட்டில்களையும்கூட, ஏற்றிக்கொண்டு போயிற்று. பக்கத்துக் கட்டில்காரியும் பிழைக்கவில்லை என்பதை உங்கள் அடக்கத்துக்கு வந்தவர்கள் சொன்னார்கள்.

அவர்கள் கைக்கு அகப்படாமல் போனது உங்கள் பாட்டில் ஒன்றுதான். எல்லாரும் கேட்டு வாங்கிப்போவதுபோல அம்மாவும் ஆயாவிடம் அதைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். ஊரில் வீட்டுக்கு வீடு அப்படி ஒன்று இருக்கிறது, மண்ணெண்ணெயோ விளக்கெண்ணெயோ ஊற்றி. உங்கள் பாட்டிலில் எண்ணெய் ஊற்ற அம்மாவுக்கு மனம் வரவில்லை. உங்கள் உடம்புக்குள் கடைசியாகப் போனது அதிலிருந்துதானே. அதில் தீர்த்தம்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார். அடியில் கஞ்சி மாதிரி ஒட்டியிருந்ததைக் குச்சியில் துணி சுற்றி, புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்தார். பெரிய வெள்ளி கழிந்து பாஸ்கா அன்று கோயிலிலிருந்து அதில் தீர்த்தம் வந்தது.

அண்ணன் எழுதிப் போட்ட மனுக்களுக்குப் பிறகு ஓர் அதிகாரி விசாரணைக்கு வந்தார். கம்பெனி பாட்டில் ஏதாவது மிச்சம் இருந்தால் சோதனைக்கு அனுப்பலாம் என்றார். அம்மா ஓடிப்போய் எடுத்துவந்தார். அவர் அதை வெயிலுக்கு நேராகப் பிடித்தார்.

"இது சுத்தமா இருக்குதுங்களே."

"நல்லா புளி போட்டுத் தேச்சனுங்க" என்றார் அம்மா. அந்தக் குரலில் ஒரு பெருமை இருந்தது, அண்ணி. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

அதிகாரி பாட்டிலை மெதுவாகக் கீழே வைத்தார். அண்ணன் "கழுவிட்டியே" என்றார். அம்மாவிடம் அவர் கடைசியாகப் பேசியது அது. அதற்குப் பிறகு சோறு போட்டால் சாப்பிடுவார். காசு கொடுப்பதென்றால் என்னிடம் கொடுப்பார். குழந்தை நடந்தாள், பேசினாள். ஒரே வீட்டில் இவர்கள் இருவருக்கும் நடுவில் அவள்தான் போய்வந்துகொண்டிருந்தாள்.

இந்த வருடம் தருமபுரிக்கு ஒரு படம் வந்தது. ஒரு லாரி டிரைவர். கலப்பட மருந்தால் அவன் மனைவி சாகிறாள். விற்றவன், டாக்டர், கம்பெனி முதலாளி என்று ஒவ்வொருவராகத் தேடிக் கொல்லக் கிளம்புகிறான். சுவரொட்டியைப் பென்னாகரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்த அன்றே அண்ணன் பஸ் ஏறினார். மறுநாளும் போனார். வேலையை விட்டுவிட்டு மறுபடி மறுபடி போனார்.

ஒரு நாள் காலையில் அவர் மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பை கனமாக இருந்தது. அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்தார்.

"பையில என்னா வெச்சிருக்கறான்னு தெரியல. கொடுவாளக் காணம். அந்தப் பாட்டில் கம்பெனி ஏஜென்டு கடை சினிமாக் கொட்டாய்க்குப் பக்கந்தான். நீ கூடப் போ கண்ணு. நாஞ் சொன்னா நிக்க மாட்டான்."

கிளம்பும்போது கனகாம்பரச் செடியின் அடியில் மண் ஈரமாக இருந்தது. யார் தண்ணீர் ஊற்றினார்கள் என்று யோசித்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

"நானும் படம் பாக்கறன்ணா" என்றேன். அண்ணன் என்னைப் பார்த்தார். பஸ்ஸில் எனக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கினார்.

கொட்டகையில் பெண்கள் பக்கத்துக்கும் ஆண்கள் பக்கத்துக்கும் நடுவில் மார்பளவுச் சுவர் இருக்கிறதே, அதன் ஓரமாக உட்கார்ந்தேன். அண்ணனின் தலை தெரிந்தது. மருந்து விற்றவன் செத்தபோது விசில் பறந்தது. டாக்டர் செத்தபோது என் பக்கத்தில் இருந்த அம்மாள், "ஒழிஞ்சான் பாவி" என்று என் தொடையில் அடித்தார். அண்ணன் அசையவில்லை. எனக்கும் ஒன்றுமில்லை. யாரோ பாத்திரம் உருட்டுகிற சத்தத்தைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தேன். இடைவேளை விளக்குப் போட்டார்கள். அண்ணன் இருந்த இடம் காலியாக இருந்தது.

வெளியே ஓடினேன். கடைவீதியில், ஏஜென்ட் கடைக்கு எதிரே, பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். கடை வாசலில் வைக்கோல் அடைத்த பெட்டிகள். ஓர் ஆடு அந்த வைக்கோலை இழுத்துத் தின்றுகொண்டிருந்தது. ஏஜென்ட் டிபன் கேரியரிலிருந்து தயிர்சோறு சாப்பிட்டுக்கொண்டே, இடது கையால் ஆட்டை விரட்டிக்கொண்டிருந்தார். நான் கூப்பிடுவதற்குள் அண்ணன் தெருவைக் கடந்துவிட்டார். பைக்குள் கை போயிற்று.

வெளியே வந்தது பாட்டில். தீர்த்தத்தைச் செடியடியில் ஊற்றிவிட்டு அதைத்தான் கொண்டுவந்திருந்தார். ஏஜென்டின் மேசைமேல் வைத்தார்.

"இது உங்க பாட்டிலுங்க."

ஏஜென்ட் அடிப்பக்கத்தைத் திருப்பிக் கண்ணாடியில் இருந்த எழுத்தைப் பார்த்தார். "ஆமாங்க, நம்முளுதுதான். ஆனா காலி பாட்டிலு நாங்க திருப்பி எடுக்கறதில்லீங்க."

"எஞ் சம்சாரத்துக்கு ஏத்துனதுங்க."

"அப்பிடீங்களா" என்று ஒரு வாய் சோறு வைத்துக்கொண்டார். "இப்பத் தேவலாங்களா?"

நான் படியருகில் நின்றிருந்தேன். அண்ணனின் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

"ம்" என்றார் அண்ணன்.

பாட்டிலை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கி வந்தார். படத்தில் சாகிற ஒவ்வொருவனுக்கும் தான் ஏன் சாகிறோம் என்று தெரிந்திருந்தது. கதாநாயகன் சொல்லிவிட்டுத்தான் கொல்கிறான். இந்த மனிதருக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரியாமல் இருப்பதற்கு அவர் பாடுபட்ட மாதிரியும் தெரியவில்லை. உண்மையாகவே நீங்கள் நலமா என்றுதான் கேட்டார். அப்படி ஒரு காட்சியை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

மீதிப் படத்துக்கு நாங்கள் போகவில்லை. பஸ்ஸில் சன்னலோரம் எனக்கு விட்டுக்கொடுத்தார். ஊர் வரும்போது, "அவ இருந்தா இத எப்பிடி முடிப்பா?" என்று கேட்டார்.

அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். கொடுவாள் மாதம்மாக்கா வீட்டில் கிடைத்திருந்தது, முள் வெட்ட வாங்கிப்போனாராம். அண்ணன் அம்மாவுக்கு முன்னால் நின்று பாட்டிலை நீட்டினார்.

"தீர்த்தம் ஊத்தி வையிம்மா."

அம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நேராகத் திரு இருதயப் படத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அதில் தீர்த்தம் வாங்கிவந்தார். இந்தத் தடவை கழுவவில்லை.

இப்போது களத்தில் புளி வந்திருக்கிறது. நான் படம் பார்த்தது தெரிந்து கதை சொல்லச் சொன்னார்கள். எனக்கு உங்களைப்போல வராது, இருந்தாலும் சொன்னேன். விற்றவன், டாக்டர், எல்லாம் சொன்னேன். அம்மா தலை நிமிராமல் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். உங்கள் மகள் என் மடியில் கை ஊன்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள். முதலாளி வீட்டுக் கதவை டிரைவர் தட்டுகிற இடம் வந்தது. இடைவேளை விட்டது அங்கேதான். அதற்குமேல் நான் பார்க்கவில்லை.

"அப்பறம்?" என்றாள் உங்கள் மகள்.

எல்லாக் கைகளும் நின்றிருந்தன. அம்மாவின் கையும் நின்றிருந்தது.

"ஒந்து நிமிஷா இருங்க" என்று எழுந்து போனேன். சொம்பில் மொண்டேன், குடித்தேன். பானையருகிலேயே நின்றேன். அந்த நாட்களில் நீங்கள் திரும்பி வந்து உட்காரும்போது முடிவு தயாராக இருக்கும். அதை இந்த இடத்தில் நின்றுதான் செய்திருப்பீர்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்கு ஒன்றும் வரவில்லை. களத்திலிருந்து அவள் மறுபடி கேட்டாள்.

"அப்பறம் அத்தை?"