இரண்டு முனையிலும் கழிப்பறை

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. நீயாவது நலமாக இரு, மருமகளும் பிள்ளைகளும் நலமாக இருக்கட்டும். உன்னிடம் மூச்சு விடக்கூடாது என்று அப்பா மிரட்டியிருக்கிறார், மீறித்தான் எழுதுகிறேன். அவருக்குப் புராஸ்டேட் புற்றுநோய். எலும்புவரை போய்விட்டது. முதுகுவலி என்று போனில் சொன்னோமே, நீகூட டிரைவர் சீட்டில் போட்டுக்கொள்ள மெத்தை அனுப்பினாயே, அது சீட்டால் வந்த வலி இல்லையப்பா.

அதற்கு முன்பே அவருக்குச் சிறுநீர் சரியாகப் போகவில்லை. முட்டிக்கொண்டு வரும், போய் நின்றால் சொட்டும். பஸ் ஓட்டுகிறவனுக்கு இது உத்தியோகத்தோடு ஒட்டி வருவது என்றுதான் டெப்போவில் எல்லோருக்கும் நினைப்பு. அங்கே உருப்படியாக இருக்கிற ஒரே கழிப்பறைக்கு மேனேஜர் பூட்டுப் போட்டிருக்கிறார், ஓட்டுகிறவர்கள் டயர் மறைவில் ஒதுங்க வேண்டியதுதான். வருடாந்திர மெடிக்கலில் கண்ணைப் பார்த்து முத்திரை குத்துவதோடு சரி, கண்ணுக்குக் கீழே மனுஷனுக்கு உடம்பு இருப்பது அவர்களுக்குத் தெரியாது. ஒருமுறை கிளினிக்குக்குப் போனவர், டாக்டர் பின்பக்கம் விரல் விட்டுப் பார்க்கணும் என்றதும் எழுந்து வந்துவிட்டார். அதை டெப்போவில் கதையாகச் சொன்னாராம். அவருடைய கண்டக்டர், அந்த நெட்டையன், "ஆயில் மட்டம் பாக்கக் குச்சி விடத்தானேண்ணே செய்வாங்க, அதுக்கா இப்படி ஓடி வந்தே?" என்று கேட்க, கூட்டமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததாம். சிரித்துவிட்டுப் பாசத்தில் ஒரு காரியமும் செய்தார்கள். அவருடைய தூர ரூட்டை ஆளுக்கு ஆள் மாற்றி எடுத்துக்கொண்டு, இரண்டு முனையிலும் கழிப்பறை இருக்கிற டவுன் ரூட்டை அவருக்கு விட்டுக்கொடுத்தார்கள். அவரும் சௌகரியமாகப் போச்சு என்று இருந்துவிட்டார். அந்தச் சௌகரியத்துக்குள்ளேயே அது வளர்ந்திருக்கிறது. கடைசியில் வலியில் கிளட்ச் மிதிக்க முடியாமல் வண்டியை நடுரோட்டில் நிறுத்தினார், நெட்டையன்தான் தோளில் தாங்கி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். இப்போது என் முகத்தைப் பார்க்கவே கூசுகிறான், அவனைத் திட்டி என்ன பிரயோஜனம்?

ரத்தப் பரிசோதனையில் பி.எஸ்.ஏ. என்று புராஸ்டேட்டுக்குப் பார்க்கிற அளவு எங்கேயோ போய் நின்றது. ஊசி விட்டுத் துளி சதை எடுத்துச் சோதித்தும், ஸ்கேன் எடுத்தும் உறுதி செய்துவிட்டார்கள். அடக்கி வைத்ததால்தான் வந்ததா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். அதனால் வருவதில்லையாம். சிறுநீர்த் தொந்தரவு எல்லாமே புற்றுநோயும் இல்லையாம், வயதானால் புராஸ்டேட் சுரப்பி வீங்குவது சகஜமாம், எதுவென்று பார்த்தால்தானே தெரியும் என்றார். முன்னாடியே வந்திருந்தால் குணப்படுத்த வாய்ப்பு இருந்தது என்றார். இனி முழுசாகப் போக்க முடியாது, ஆண் ஹார்மோனை ஊசியால் நிறுத்தினால் கொஞ்ச காலம் அடக்கி வைக்கலாமாம். அதற்குத்தான் உன் அப்பா மாட்டேன் என்கிறார். "ஆம்பளைங்கறதையே எடுத்துட்டு உசுர மட்டும் வெச்சு என்னடி பண்றது?" என்று என்னிடம் எரிந்து விழுகிறார். அந்த உயிர் மட்டும் இருந்தாலே எனக்குப் போதும் என்று அவருக்குப் புரியவில்லை. உன் தங்கை அழுது பார்த்துவிட்டாள். உன் மெத்தையை வீட்டு நாற்காலியில் போட்டு உட்கார்ந்திருக்கிறார், வலது கால் மட்டும் தரையில் பிரேக்கைத் தேடிக்கொண்டே இருக்கிறது.

நீயும் அங்கே லாரிதான் ஓட்டுகிறாய். கேபினில் பாட்டில் வைத்திருக்கிறேன் என்று நீ சிரித்துக்கொண்டே சொன்னது இப்போது என்னைத் தூங்க விடவில்லை. அப்பாவுக்கு இருந்தால் மகனுக்கும் வர வாய்ப்பு அதிகமாம், நாற்பதைத் தாண்டிய நீ தொந்தரவு வரட்டும் என்று காத்திருக்கக் கூடாதாம், ஆரம்பத்தில் அது ஒன்றுமே காட்டாதாம். போய் ரத்தம் கொடு. டாக்டர் விரல் விட்டுப் பார்க்கணும் என்றால் பார்க்கட்டும், எழுந்து வராதே. அப்புறம் உன் அப்பாவுக்குப் போன் போட்டு அதை நீயே சொல்லு, விரல் விட்டுப் பார்த்தார்கள், நான் செத்துப்போகவில்லை என்று சொல்லு. கெட்ட வார்த்தையில் திட்டுவார். திட்டட்டும். அந்தக் கோபத்திலாவது ஊசிக்கு வருவாரா என்றுதான் பார்க்கிறேன், எனக்கு வேறு வழி தெரியவில்லை.

வண்டியில் தண்ணீர் குடிக்காமல் காயாதே, வருகிறதை அடக்காதே. நீ நீண்ட ஆயுளோடு இருக்கணும், உன் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு கடிதம் எழுதுகிற நிலைமை மருமகளுக்கு வரவே கூடாது. போனில் பேசும்போது நான் எழுதினேன் என்று சொல்லிவிடாதே, நீயாகப் போய்ப் பார்த்துக்கொண்டதாகவே சொல்லு. ஊசி போட அடுத்த வாரம் வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். புதன்கிழமைக்குள் பேசு.

உன் அம்மா