ஐயர் இல்லாத ஞாயிறும் மூன்றாம் மணியும்

புதுப் பொன்னாடைக்கென்று ஒரு வாசனை இருக்கிறது வே. கஞ்சியும் பிளாஸ்டிக் பையும் கலந்த வாசனை. இன்று காலை அம்பாசமுத்திரத்து ஜவுளிக்கடையில் சபை செக்ரட்டரி அண்ணாச்சி ஒன்றை விரித்து என் மூக்குக்கு நேரே நீட்டி, "சரிகை எடுப்பா தெரியுதா?" என்று கேட்டார். நம் வேதக்கோயில் பாதிரி ஐயர் மாற்றலாகிப் போகிறார். வருகிற ஞாயிறு பிரிவுபசாரம். உம் நினைப்பு வந்து நான் சிரித்துவிட்டேன். அண்ணாச்சி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

ஏன் சிரித்தேன் என்று உமக்குத் தெரியும். ஏழு வருஷத்துக்கு முன் போனாரே அந்த ஐயர், அவர் தமக்குப் போர்த்திய பொன்னாடைகளை எல்லாம் தாம் குடியிருந்த குருமனைப் பரணிலேயே போட்டுவிட்டுப் போயிருந்தார். கோயிலைப் பெருக்கி, விளக்குப் போட்டு, மணியடிக்கிற கோயில்குட்டியாரான நீர், அதில் ஒன்றை எடுத்துப் பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்தீர். "ஐயருக்குப் போட்ட பொன்னாடைவே அது" என்று அண்ணாச்சி பதறினார். நீர் கையை நிறுத்தவே இல்லை. "தண்ணியே உறிஞ்ச மாட்டேங்கு. எதுக்குத்தான் ஆவும் இது?" என்றீர்.

அந்தப் பிரிவுபசாரத்தை நினைத்தால் எனக்கு இன்றும் குமட்டுகிறது. சபைத் தேர்தல் சமயத்தில் ஐயர்மேல் புகார் எழுதிக் கையெழுத்துப் போட்டவர்கள்தான் முதல் வரிசையில் மாலையோடு நின்றார்கள். ஐயரோ, "எல்லாம் தேவ சித்தம்" என்று கண்ணைத் துடைத்தார். மகன் படிப்புக்காகப் பட்டணத்துக் கோயில் வேண்டுமென்று அவரே எழுதிக் கேட்டது பிறகுதான் தெரிந்தது. பிள்ளை படிப்புக்குப் போகிறேன் என்று சொல்லியிருந்தால் யார் குறை சொல்லப்போகிறார்கள்? விண்ணப்பம் போட்டு வாங்கிய தேவ சித்தம் அது. பெண்கள், "இனி எங்க ஜெபத்தை யாரு கொண்டு சேப்பா?" என்று மாரில் அடிக்காத குறையாக அழுதார்கள். ஆண்டவருக்கு நம் ஊர் விலாசமே இந்த மனிதர் சொல்லித்தான் தெரியும் என்பதுபோல.

அத்தனை பேரிலும் கேவலமாக அழுதவன் நான். மோட்டார் காயில் கட்டுகிற கடையைத் திறக்காமல், குடித்துவிட்டுப் பஸ் ஸ்டாண்டில் கிடந்தவன். அந்த ஐயர் என் தலையில் கை வைத்து ஜெபித்த நாளிலிருந்து இரண்டு வருஷம் ஒரு சொட்டுத் தொடவில்லை. கடை ஓடியது. தாய்வீட்டுக்குப் போயிருந்த மனைவி திரும்பி வந்தாள். எல்லாம் அந்தக் கை செய்தது என்று நம்பினேன். கை போகிறது, ஒரு வாரத்தில் நானும் பழையபடி குடிக்கப் போய்விடுவேன் என்றுதான் அழுதேன். ஐயரைப் பிரிகிற துக்கம் என்று ஊர் நினைத்தது.

அடுத்த ஞாயிறு நடந்ததை வெளியூர்க்காரனிடம் சொன்னால் நம்பமாட்டான். நம் கோயிலில் மணி மூன்று. முதல் மணி ஊரை எழுப்ப. இரண்டாம் மணி கிளம்பி வர. மூன்றாம் மணி, ஐயர் அங்கியோடு குருமனைப் படி இறங்கும்போது. அது அடித்தால்தான் எல்லாரும் எழுந்து நிற்பார்கள், பாட்டு ஆரம்பிக்கும். அன்றைக்கு இறங்கி வர ஐயர் இல்லை. அதனால் மூன்றாம் மணியும் இல்லை. மணி இல்லாததால் ஆராதனையும் இல்லை. பாட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு முழுச் சபையும் முக்கால் மணி நேரம் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பட்டம் படித்தவர்கள், பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவர்கள், சண்டையென்றால் வேதத்தை வசனம் வசனமாக எடுத்து வீசுகிறவர்கள். ஒருவருக்காவது வாயைத் திறந்து, "ஆண்டவரே" என்று ஆரம்பிக்கத் தோன்றவில்லை. அண்ணாச்சி பக்கத்து ஊர்ச் சேகரத்து ஐயருக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்த்தார்.

நான் எழுந்து வெளியே வந்தேன். மணிக்கூண்டுக்குக் கீழே நீர் சுவரில் சாய்ந்து நின்றீர்.

"வே, நான் பஸ்ஸப் பிடிச்சு அம்பைக்குப் போறேன். பன்னெண்டு மணிக்குப் பிராந்திக் கடை தொறந்துருவான். இனி என்னால முடியாது. ஐயரும் போயாச்சு."

நீர் ஆறுதல் சொல்லுவீர் என்று எதிர்பார்த்தேன். வசனமாவது சொல்லுவீர் என்று எதிர்பார்த்தேன். பீடித் துண்டைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தீர்.

"ஐயரு ராத்திரி தூங்குவாருல்லா?"

"தூங்காம?"

"ரெண்டு வருசமா அவரு கொறட்டை விட்டுத் தூங்கையில, உம்மை யாருவே பாத்துக்கிட்டா?"

நீர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கயிற்றைப் பிடித்து மூன்றாம் மணியை அடித்துவிட்டீர். உள்ளே சபை முழுவதும் திடுக்கென்று எழுந்து, பூட்டிக்கிடந்த குருமனையைத் திரும்பிப் பார்த்தது. அண்ணாச்சி வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"யாரு வந்திருக்காவன்னு மணி அடிச்சீரு?"

"அவிய முத மணிக்கு முன்னாலயே வந்தாச்சு. நீங்கதான் அவியள உள்ள உக்கார வச்சிட்டு வாசலையே பாத்துக்கிட்டு இருக்கீய."

"யாரு, பக்கத்துச் சேகரத்து ஐயரா?" என்று கேட்டார் அண்ணாச்சி. நிஜமாகவே கேட்டார். நீர் தலையில் அடித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனீர். ஜெபப் புத்தகத்தை எடுத்து எழுத்துக் கூட்டி வாசித்தீர். பாதி வார்த்தை தப்பு. எனக்கு அம்பை பஸ் போய்விட்டது.

கோயில்குட்டி எப்படி முன்னால் நிற்கலாம் என்று அந்த வாரமே கமிட்டி கூடியது. அதற்கு மட்டும் மணி தேவைப்படவில்லை. அடுத்த ஐயர் வர ஒரு வருஷம் ஆயிற்று. அதற்குள் பிள்ளைகள் பிறந்தன, கிழவர்கள் செத்தார்கள், நெல் விளைந்தது. கூரை இடிந்து விழவில்லை. வந்த ஐயரையும் இவர்கள் தோளில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். இப்போது அவருக்கும் அழ ஆரம்பித்தாயிற்று.

இதையெல்லாம் பார்த்து நானும் நீரும் எத்தனை சாயங்காலம் சிரித்திருப்போம். கடையைப் பூட்டிவிட்டு நேரே உம்மிடம் வந்து, மணிக்கூண்டுப் படியில் உட்கார்ந்து, ஊரையே கிழித்துத் தொங்கப்போட்டுவிட்டு வீட்டுக்குப் போவேன். நான் மட்டும் தெளிந்தவன் என்று எனக்கு ஒரு நினைப்பு.

போன ஐப்பசியில், இரண்டே நாள் காய்ச்சலில், நீர் போனீர். உமக்கு யாரும் பிரிவுபசாரம் வைக்கவில்லை. குழியில் மண் விழுந்த சத்தம் கேட்டது. இனி சாயங்காலம் எங்கே போய் உட்காருவேன்? அப்போதுதான் என் லட்சணம் எனக்குத் தெரிந்தது. ஐயரை விட்டுவிட்டு உம்மைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவர்கள் அங்கி போட்ட ஆளைப் பிடித்துக்கொண்டார்கள், நான் விளக்குமாறு பிடித்த ஆளை. ஏழு வருஷம் நான் பரிகாசம் பண்ணிய முட்டாள்களின் வரிசையில் எனக்கும் ஓர் இடம் இருந்தது, அதுவும் முதல் இடம்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து வீட்டுக்குப் போகவில்லை. மழையோடு பஸ் ஏறி அம்பைக்குப் போனேன். பிராந்திக் கடைக் கம்பி வலைக்கு முன்னால் எனக்கு இரண்டு பேர் முந்தி நின்றார்கள். யாராவது வந்து தோளைத் தொடுவார்கள் என்று காத்திருந்தேன். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. முதல் ஆள் வாங்கிக்கொண்டு நகர்ந்தான். இரண்டாவது ஆளும் நகர்ந்தான்.

"அண்ணே, என்ன வேணும்?" என்றான் உள்ளே இருந்தவன்.

எந்த ஐயரும் சொல்லித்தராத, நீரும் சொல்லித்தராத ஒரு ஜெபம் என் வாயில் வந்தது. அவன் காதில் விழுந்திருக்கும். பைத்தியம் என்று நினைத்திருப்பான். நான் வரிசையை விட்டு விலகி வீட்டுக்கு வந்துவிட்டேன். இன்றும் சாயங்காலம் என் கடைக் கதவை இழுத்துப் பூட்டும்போது அதையேதான் சொல்லுகிறேன். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

"ஆண்டவரே, இங்க வேற யாரும் இல்ல."