பக்கத்தின் அடியில் இருந்த எண்

மார்ச் 4
கம்பெனியை மூடி ஐந்து வாரம். இன்றுதான் ரெஸ்யூம் எழுத உட்கார்ந்தேன். வருட வரிசையில் போட்டால், குழந்தைக்காக வீட்டில் இருந்த ஆறு வருடம் பல் விழுந்த இடம் மாதிரி இளிக்கிறது. பர்ச்சேஸ் பிரிவில் ஏழு வருடம் பக்கத்து மேசையில் இருந்த அக்காதான் வழி சொன்னார். "தெரிஞ்ச வேலையை மேல போடு, வருஷத்தைக் கீழ தள்ளு. என்னோடதையே அனுப்புறேன், பேரை மாத்திக்கோ." அவருக்கும்தான் வேலை போய்விட்டது. அப்படியும் எனக்காக யோசிக்கிறார். மனசு நிறைந்துவிட்டது.

மார்ச் 27
இருபத்தாறு இடத்துக்கு அனுப்பியாயிற்று. ஒரு போன் கூட இல்லை.

ஏப்ரல் 9
வடிவம்தான் சரியில்லையோ? மேல் பாதியை அழித்துவிட்டு வருட வரிசைக்கே மாற்றினேன். "தலையணை உறை மாத்துற மாதிரி மாத்திட்டே இரு" என்கிறார் இவர். எனக்குச் சிரிப்பு வரவில்லை.
அக்காவுக்குப் பைப் கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது. சந்தோஷம்தான். கொஞ்சம் வயிற்றெரிச்சலும். என் நோட்டில் எனக்கென்ன பொய்?

ஏப்ரல் 22
ரெஸ்யூம் அனுப்பியிருந்த பெயிண்ட் கம்பெனிக்கு நேரிலேயே போய்க் கேட்டேன். அதிகாரி ஃபைலைப் புரட்டினார். "உங்களை மூணு தடவை கூப்பிட்டோமே. ரெண்டு தடவை நீங்க இல்லைன்னு, கடைசியா வேற இடத்துல சேர்ந்துட்டதா ஒரு அம்மா சொன்னாங்க."
எந்த அம்மா?
தாளை என் பக்கம் திருப்பினார். மேலே என் பெயர், என் மெயில். பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், அக்காவின் போன் எண். என் எண் எங்கேயும் இல்லை. மேலே மாற்றி மாற்றி எழுதினேனே, அடியைப் பார்த்தேனா? ஒவ்வொரு ஆர்டரிலும் கடைசி வரி வரை பிழை தேடியே சம்பளம் வாங்கியவள் நான்!
சரி, தப்பு என்னுது. ஆனா அக்கா? மூணு தடவை! நேத்து கூட பேசினோமே. "கவலைப்படாதே, உனக்கும் வரும்"னு சொன்னாங்களே! எப்படி... எப்படி முடிஞ்சுது?

ஏப்ரல் 23
அவர் வீட்டு வாசலில் நின்றே கேட்டேன். அவர் மறுக்கவில்லை. அதுதான் இன்னும் அதிர்ச்சி.
"எனக்கு அம்பத்தொண்ணு. என் ரெஸ்யூமைப் பார்த்து ஒருத்தரும் கூப்பிடலை. வந்ததெல்லாம் உனக்குத்தான். பைப் கம்பெனியும் உன்னைத்தான் கேட்டாங்க. நீ வேற இடத்துல சேர்ந்துட்டேன்னு சொல்லிட்டு, நான் வரட்டுமான்னு கேட்டேன்."
திரும்பும்போது தப்பான பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

மே 6
பெயிண்ட் கம்பெனியில் கூப்பிட்டு இன்டர்வியூ வைத்தார்கள். அந்த ஆறு வருடத்தைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. "கூட வேலை பார்த்தவங்க யாராவது உங்களைப் பத்திச் சொல்வாங்களா?" என்று மட்டும் கேட்டார் அதிகாரி.
என் வேலையைக் கிட்டத்தில் இருந்து பார்த்தவர் ஒருத்தர்தான். அக்காவின் எண்ணைச் சொன்னேன். அங்கேயே ஸ்பீக்கரில் போட்டார்.
என் பெயரைக் கேட்டதும் அக்கா, "யாரு, அவளா?" என்றார். பிறகு, "என்னை விட நல்லா வேலை பார்க்கிறவ சார். அவளை விட்டுடாதீங்க" என்றார்.
திங்கட்கிழமை சேரச் சொல்லியிருக்கிறார்கள். இவரிடம், பிள்ளையிடம், எதிர்வீட்டில் கூடச் சொல்லிவிட்டேன். அக்காவை மட்டும் இன்னும் கூப்பிடவில்லை.