ஒரு லைஃப் ஜாக்கெட் கம்மி

ஞாயிறு, இரவு.

எலவனாசூர்கோட்டைக்கு வந்து சேர்ந்ததும் எல்லோரும் படுத்துவிட்டார்கள். எனக்குத்தான் வயிறு எரிகிறது.

தீவுக்குப் படகில் போய் அந்தப் பழைய கலங்கரை விளக்கத்தில் ஏற வேண்டும் என்று ஆசைப்பட்டவள் நான். வேன் பிடிக்கச் சொன்னதும் நான். விடியுமுன் எழுந்து அண்டா நிறையப் புளிச்சோறு கிளறியதும் நான்தான்.

படகுத்துறையில் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு முதல் ஆளாக நின்றேன். கடைசியில் ஒன்று குறைந்தது. ஜாக்கெட் இல்லாமல் யாரையும் ஏற்ற மாட்டேன் என்றார் வழிகாட்டி. நாத்தனாருக்குத்தான் கிடைக்கவில்லை. என் வீட்டுக்காரர் நேராக என்னிடம் வந்தார்.

"கயட்டி அக்காவுக்குக் குடு. அது எப்பனா ஒருவாட்டிதான் வருது. நீ அப்பறமா பாத்துக்கலாம். சோத்தையும் யாராச்சும் பாத்துக்கினு இருக்கணுமில்ல?"

நான் வாயைத் திறப்பதற்குள் கொக்கியை அவரே கழற்றிவிட்டார். வேண்டாம் என்று நாத்தனார் ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை.

வெயிலில் அண்டாவுக்குக் காவல் இருந்தேன். கரையிலிருந்து பார்த்தால் கலங்கரை விளக்கம் கட்டைவிரல் உயரம்தான் தெரிந்தது.

திரும்பி வந்தவர், "அங்க இன்னா கீது, வெறும் தூணு" என்றார். சாப்பிட்டுவிட்டு, சோற்றில் உப்பு கம்மி என்றார்.

அந்தத் தூணுக்கு முன்னால் எல்லோரும் நிற்கும் படத்தை இப்போது ஸ்டேட்டஸில் வைத்திருக்கிறார். மேலே 'குடும்பத்துடன்' என்று எழுதியிருக்கிறார்.

அதைப் பார்த்துவிட்டு என் அம்மா போன் செய்தாள். "எல்லாரும் கீறாங்க, நீ எங்கடி?"

"போட்டோ புடிச்சதே நான்தாம்மா" என்றேன்.