கிணற்றடியில் விழுந்த கணக்கு

அன்புள்ள அண்ணை,

கோபத்தோடுதான் எழுதுகிறேன். செத்தவரோடு சண்டை பிடிக்கக் கூடாது என்பார்கள். நான் பிடிப்பேன்.

வருகிற ஞாயிறு உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. மண்டபத்துக்கு வருகிறவர்கள் கையில் உங்கள் நினைவாகக் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகம் அச்சுக்குப் போகிறது. வழக்கம்போல முதலில் தேவாரம், பிறகு உங்கள் படம். அதன் பின்னால், லண்டன் டூட்டிங் கடையில் வேலை முடிந்து வந்து நீங்கள் எழுதிவைத்த ஆங்கிலேயக் கணிதரின் வரலாறு. இந்தக் கடிதமும் அதில்தான் வரும்.

அவரை நீங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "என்ர ஆள்" என்பீர்கள். நானூறு வருடங்களுக்கு முன் இதே லண்டனில் இருந்தவர். கப்பல் தலைவர் ஒருவர் பீரங்கிக் குண்டுக் குவியலில் எத்தனை குண்டு என்று கேட்க, ஒவ்வொன்றாக எண்ணாமலே சொல்ல வழி கண்டவர். கடையில் தோடம்பழங்களை அடுக்கி அதை எனக்குக் காட்டினீர்கள். நிலாவைத் தொலைநோக்குக் குழாய் வைத்துப் பார்த்து வரைந்தார். கணக்கில் ஒரு புத்தகமும் போடாமல் செத்தார். சிநேகிதர்கள் அவருடைய தாள்களைக் கிளறி, ஒரு பங்கை மட்டும் அச்சிட்டார்கள். அவரைப் புதைத்த தேவாலயமும் போய், இப்போது அங்கே வங்கி நிற்கிறது. எல்லாம் சொன்னீர்கள். அவரை ஏன் பிடித்தது என்று மட்டும் சொல்லாமலே, கடை வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டீர்கள்.

அது நீங்கள் எழுதியதன் கடைசி இரண்டு பக்கங்களில் இருந்தது. "குண்டு போகும் பாதையை அவர் கோடாக வரைந்தார், கோடு தரையைத் தொட்ட இடத்தில் யார் நின்றார்கள் என்று எழுதவில்லை, நானும் எழுதவில்லை" என்று தொடங்கியிருந்தீர்கள். ஊரில் பல்கலைக்கழகக் கம்பஸில் கணிதம் படித்த உங்களிடம், ஆயுதம் தூக்கிய இயக்கம் ஷெல் அடிக்கக் கோணம் கேட்டது. போட்டுக் கொடுத்தீர்கள். ஷெல் ஆமி முகாமைத் தாண்டி, எங்கள் ஒழுங்கையில் ஒரு கிணற்றடியில் விழுந்தது. குளித்துக்கொண்டிருந்த தகப்பனும் மகளும் துண்டு துண்டாகிப் போனார்கள். வாளிக்குள் ஒரு சின்னக் கை கிடந்ததாம். ஆமி அடித்தது என்றே ஊர் நம்பியது. நீங்களும் போய்ப் பாடை தூக்கினீர்கள். எப்படித் தூக்கினீர்கள், அண்ணை?

அதை அச்சிடப் போகிறேன் என்று கேள்விப்பட்டுப் பெரியப்பாவின் மகன் வந்தார். ஊரில் மறுபடி சண்டை தொடங்கியிருக்கும் நேரத்தில் இது வெளியே வந்தால் குடும்பத்துக்கே ஆபத்து என்றார். அந்தப் பக்கங்களைப் புத்தகத்திலிருந்து எடுக்க மாட்டேன் என்றேன். தாள்களைக் கிழித்து என் முகத்தில் எறிந்தார். தடுத்த கையை முறுக்கினார். அகப்பைக்காம்பால் அவர் முழங்கையில் ஓங்கிப் போட்டேன். வெட்கப்படவில்லை. அவர் கிழித்தது போட்டோகாப்பி.

ஆனால் அச்சடிக்கும் முன் ஒருவருக்குத் தெரிய வேண்டும். கிணற்றடியில் செத்த தகப்பனின் மனைவி செல்வராணி அக்கா இங்கே லண்டனில், மனோர் பார்க்கில்தான் இருக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் முருகன் கோயிலில் உங்கள் நெற்றியில் திருநீறு பூசிவிட்டவர். போய் வாசித்துக் காட்டினேன். முடிக்கும் முன்பே அறைந்தார். திரும்பவும் அறைந்தார். என் உதடு வெடித்து ரத்தம் தாளில் சிந்தியது. தன் அலமாரியில் வைத்திருந்த உங்கள் படத்தை எடுத்து நிலத்தில் அடித்து, கண்ணாடித் துண்டுகளின் மேல் நின்று மிதித்தார். நான் தடுக்கவில்லை.

"இவ்வளவு வருசமும் பிழையான ஆக்களுக்கெல்லோ சாபம் போட்டனான்" என்றார்.

வெகுநேரம் கழித்து, காலில் ரத்தத்தோடு உட்கார்ந்து, தாளை வாங்கித் தானே படித்தார்.

"இதில என்ர பிள்ளையின்ர பேர் எங்க?"

இல்லை, அண்ணை. "ஒரு பிள்ளை" என்றுதான் எழுதியிருந்தீர்கள். ஒரே ஒழுங்கையில் இருந்தோம், உங்களுக்கு அவள் பெயர் தெரியாதா?

என்னிடம் பேனை வாங்கி, ஓரத்தில் அவரே எழுதினார்: துளசி. ஏழு வயது.

"இதோட அச்சடி. பேர் இல்லாம வந்துதெண்டால் மண்டபத்துக்கு வந்து எல்லாத்தையும் கொளுத்துவன்."

ஞாயிற்றுக்கிழமை உங்கள் பெயருக்கு முன்னால் துளசியின் பெயரையும் அவள் தகப்பன் பெயரையும் நானே எழுந்து நின்று வாசிப்பேன். யார் அடித்தாலும் முடிக்காமல் உட்காரமாட்டேன். இது சத்தியம்.

உங்கள் கன்னத்தில் விழவேண்டிய அறையை வாங்கிய
உங்கள் தங்கச்சி